வேட்டி நெய்த இங்கிலாந்து மாவட்டம்: காந்தி போன டார்வென், 'வெங்கீஸ்' வாங்கிய பிளாக்பர்ன், இப்போது ஏன் கலைக்கப்படலாம்?

1931 செப்டம்பர் 26. வட இங்கிலாந்தில் டார்வென் என்ற சின்ன ஊரின் பருத்தி ஆலை ஒன்றில் எடுத்த புகைப்படம் அது. நடுவில் வெள்ளைத் துணி போர்த்திய காந்தி. சுற்றிலும் ஆலையில் வேலை பார்க்கும் பெண்கள், உற்சாகத்தில் ஆரவாரம் செய்கிறார்கள். ஒவ்வொரு காந்தி ஜெயந்திக்கும் சமூக வலைதளத்தில் சுற்றிவரும் இந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

படத்தில் இருக்கும் விநோதம் பலருக்குத் தெரிவதில்லை. காந்தியின் அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை போனதாகச் சொல்லப்பட்ட ஊர் அது. வாழ்த்துபவர்கள் அந்த ஊர் ஆலைத் தொழிலாளிகள்.

டார்வெனும் அதற்கு வடக்கே உள்ள பெரிய ஊரான பிளாக்பர்னும் சேர்ந்த உள்ளாட்சிப் பகுதிக்கு 'பிளாக்பர்ன் வித் டார்வென்' என்று பெயர். மொத்தப் பரப்பு 137 சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 55 ஆயிரம். நம் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி அளவுதான். ஆனால் இந்தக் குட்டி மாவட்டத்தின் ஏற்றமும் இறக்கமும் 200 ஆண்டுகளாக இந்தியாவோடு பின்னிக் கிடக்கிறது. இப்போது பிரிட்டன் அரசு கொண்டுவரும் உள்ளாட்சி மறுசீரமைப்பில் இந்த மாவட்டமே வரைபடத்திலிருந்து அழிக்கப்படும் நிலையில் இருக்கிறது.

என்ன நடக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

'மாவட்டம்' என்றால் நம்ம ஊர் மாவட்டம் இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கிலாந்தில் 'டிஸ்ட்ரிக்ட்' என்றால் கலெக்டர் ஆளும் மாவட்டம் அல்ல. மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் நடத்தும் உள்ளாட்சி அது.

லங்காஷயர் போன்ற பழைய கவுண்டிகளில் பெரும்பாலும் இரண்டு அடுக்கு உண்டு. மேலே கவுண்டி கவுன்சில்: பள்ளி, சாலை, முதியோர் பராமரிப்பு எல்லாம் அதன் பொறுப்பு. கீழே டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்: குப்பை அள்ளுவது, வீட்டுவசதி, கட்டட அனுமதி மாதிரியான வேலைகள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போவது என்று அங்கேயும் குழப்பம்தான்.

பிளாக்பர்ன் வித் டார்வெனில் அந்தக் குழப்பம் இல்லை. 1998 ஏப்ரல் 1 முதல் இது ஒற்றை அடுக்கு உள்ளாட்சி. ஆங்கிலத்தில் 'யூனிட்டரி அத்தாரிட்டி' என்பார்கள். குப்பைத் தொட்டியிலிருந்து குழந்தைகள் பாதுகாப்பு வரை எல்லாம் ஒரே கூரையின் கீழ். காவல்துறையும் தீயணைப்பும் மட்டும் லங்காஷயர் முழுமைக்கும் பொதுவானவை. மொத்தம் 17 வார்டுகள், 51 கவுன்சிலர்கள்.

அதற்கு முன்? 1974இல் இங்கிலாந்து முழுக்க எல்லைகளை மாற்றி வரைந்தபோது, தனித்தனியாக இருந்த பிளாக்பர்னையும் டார்வெனையும் சுற்றியிருந்த சில கிராமங்களையும் சேர்த்து ஒரே மாவட்டமாக்கினார்கள். பெயர் 'பிளாக்பர்ன்' மட்டும். டார்வென்காரர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 23 ஆண்டுகள் கழித்து, 1997இல்தான் பெயரில் 'வித் டார்வென்' ஒட்டிக்கொண்டது. 'அண்ட்' கூட இல்லை, 'வித்'. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன சித்தப்பாவைக் கடைசி வரியில் சேர்த்த மாதிரி.

வேட்டி நெய்த ஆலைகள்

இந்த மாவட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பருத்தியில்தான் தொடங்க வேண்டும்.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் கதை தலைகீழாக இருந்தது. இந்தியாவிலிருந்து போன பருத்தித் துணிக்கு இங்கிலாந்தில் அவ்வளவு கிராக்கி. உள்ளூர் கம்பளி, பட்டு நெசவாளர்கள் போராடி, 1700லும் 1721லும் இந்திய அச்சுத் துணிகளுக்கு எதிராகச் சட்டமே கொண்டுவர வைத்தார்கள். 'காலிகோ சட்டங்கள்' என்று பெயர். காலிகோ என்பது வேறொன்றுமில்லை, கோழிக்கோட்டின் பெயரிலிருந்து வந்த சொல்.

பிறகு இயந்திரம் வந்தது. ஒரே நேரத்தில் பல இழை நூற்கும் 'ஸ்பின்னிங் ஜென்னி'யை உருவாக்கிய ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ், பிளாக்பர்னுக்குப் பக்கத்து ஊர்க்காரர். அந்த இயந்திரத்தால் பிழைப்புப் போய்விடும் என்று பயந்த உள்ளூர்க்காரர்கள் அதை உடைத்ததும் இதே வட்டாரத்தில்தான். 19ஆம் நூற்றாண்டில் லங்காஷயருக்குள்ளேயே வேலை பிரிந்துவிட்டது. தெற்கே ஓல்டம், போல்டன் பக்கம் நூற்பு. வடக்கே பிளாக்பர்ன், பர்ன்லி பக்கம் நெசவு. லீட்ஸ் - லிவர்பூல் கால்வாய் ஊருக்கு நடுவே ஓடியது சரக்கு போக்குவரத்துக்கு வசதியாகிப்போனது.

பிளாக்பர்ன் நெய்தது என்ன? இதுதான் நமக்கு சுவாரஸ்யம். அந்த ஊர் ஆலைகளின் முக்கியச் சரக்குகளில் ஒன்று 'டூட்டி'. ஆங்கில வியாபாரிகள் 'தோத்தி'யை அப்படித்தான் எழுதினார்கள். ஆமாம், வேட்டிதான். இந்தியாவில் விற்பதற்கென்றே கரை வைத்து நெய்த வேட்டித் துணி. அதை நெய்த கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். அவர்களில் யாரும் வேட்டி கட்டிய ஒருவரை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அதிலும் ஒரு தில்லுமுல்லு நடந்தது. பாவுக்குப் போடும் கஞ்சியில் சீனக் களிமண்ணைக் கலந்தார்கள். துணி கெட்டியாக, கனமாகத் தெரியும். பருத்திச் செலவு மிச்சம். ஒரு முறை துவைத்தால் வண்டவாளம் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம். கப்பலில் வரும்போதே பூஞ்சை பிடித்ததாக இந்திய வியாபாரிகளிடமிருந்து புகார்கள் போயின. அங்கே நெசவாளர்களுக்கும் பாதிப்புதான். களிமண் ஏறிய பாவு இழை அறுந்துபோகாமல் இருக்க நெசவுக் கூடத்துக்குள் நீராவியைப் பாய்ச்சினார்கள். ஈரமும் தூசியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்தன. நீராவியைக் கட்டுப்படுத்தச் சொல்லி நெசவாளர் சங்கங்கள் பல ஆண்டுகள் போராடின. 1878இல் கூலியைப் பத்து சதவீதம் குறைத்தபோது பிளாக்பர்னில் கலவரம் வெடித்து, ஆலை முதலாளிகள் தரப்பின் தலைவர் ஒருவருடைய வீட்டையே கொளுத்தினார்கள்.

டார்வெனில் 1860களில் கட்டிய ஒரு ஆலைக்கு வைத்த பெயரே 'இந்தியா மில்'. அதன் புகைபோக்கி சுமார் 300 அடி உயரம். வெனிஸ் நகரத்து மணிக்கூண்டு பாணியில் கட்டியது. இன்றைக்கும் ஊரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் கண்ணில் படும். சரக்கு எங்கே போகிறது என்பதை அந்த ஊர் மறைக்கவே இல்லை.

வரியில் நடந்த விளையாட்டு

விலை மலிவு என்பதால் மட்டும் அந்தத் துணி இந்தியாவில் விற்கவில்லை. லங்காஷயர் முதலாளிகள் லண்டனில் கொடுத்த அழுத்தத்தால் 1882இல் இந்தியா வெளிநாட்டுத் துணிக்கு விதித்த இறக்குமதி வரி நீக்கப்பட்டது. பிறகு பணத் தட்டுப்பாட்டால் இந்திய அரசு மீண்டும் வரி போட வேண்டியிருந்தது. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? 1896இல் இறக்குமதித் துணிக்கு 3.5 சதவீதம் வரி, அதே 3.5 சதவீதத்தை பம்பாய், அகமதாபாத் ஆலைகளில் நெய்த துணி மீதும் உற்பத்தி வரியாகப் போட்டார்கள். சொந்த நாட்டில் நெய்து சொந்த நாட்டில் விற்கும் துணிக்கு வரி! சுதேசி இயக்கத்துக்கு எண்ணெய் வார்த்த கோபங்களில் இதுவும் ஒன்று.

1913இல் பிரிட்டனின் பருத்தித் துணி ஏற்றுமதி சுமார் 700 கோடி கஜம். அதில் ஏறத்தாழ 300 கோடி கஜம் இந்தியாவுக்கு மட்டும். ஒரே வாடிக்கையாளரை இவ்வளவு நம்பியிருந்தது எவ்வளவு ஆபத்து என்பது அடுத்த 20 ஆண்டுகளில் தெரிந்தது.

முதல் உலகப் போர் காலத்தில் கப்பல் போக்குவரத்து முடங்கியது. இந்திய ஆலைகள் வளர்ந்தன. ஜப்பான் மலிவுத் துணியோடு உள்ளே வந்தது. 1917இல் இந்தியாவின் இறக்குமதி வரி 7.5 சதவீதமானது. 1931இல் பிரிட்டன் துணிக்கே 25 சதவீதம். உலகப் பொருளாதார மந்தம் வேறு. அதற்கு மேல் காந்தியின் பகிஷ்காரம். 1930களின் முடிவில் இந்தியாவுக்குப் போன துணி, 1913இல் போனதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

காந்தி ஏன் அங்கே போனார்?

1931இல் காந்தி இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டனில் இருந்தார். டார்வெனில் கிரீன்ஃபீல்டு மில்லை நடத்திய டேவிஸ் குடும்பத்தினர் குவேக்கர் கிறிஸ்தவர்கள். "வந்து எங்கள் நிலைமையைப் பாருங்கள்" என்று அழைத்தார்கள். செப்டம்பர் 25ஆம் தேதி காந்தி வந்து, டார்வெனின் ஸ்பிரிங் வேல் குடியிருப்பில் தங்கினார். மறுநாள் ஆலைக்குப் போனார். முதலாளிகளையும் பார்த்தார், தொழிற்சங்கக்காரர்களையும் பார்த்தார், வேலை இழந்தவர்களையும் பார்த்தார்.

அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது; உங்கள் நாட்டில் 30 லட்சம் பேருக்கு வேலையில்லை, எங்கள் நாட்டில் 30 கோடி பேருக்கு வருஷத்தில் பாதி நாள் வேலையில்லை என்ற பொருளில்தான் பேசினார். உங்கள் அரசாங்கம் வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகையாவது தருகிறது, எங்களுக்கு அதுவும் இல்லை என்பதையும் எடுத்துச் சொன்னார். சுதந்திர இந்தியா வெளியிலிருந்து துணி வாங்க வேண்டி வந்தால் மற்ற நாடுகளைவிட லங்காஷயருக்கு முன்னுரிமை தரலாம், அவ்வளவுதான் உறுதி.

கேட்டவர்கள் கொதித்துப்போனார்களா? இல்லை. நான் இந்தியாவில் பிறந்திருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று வேலையிழந்த ஒருவர் கூறியதாக அந்தப் பயணம் பற்றிய பதிவுகளில் இருக்கிறது. கூலி வெட்டும் முதலாளியையும் ஆலை மூடலையும் ஏற்கெனவே பார்த்துப் பழகிய கூட்டம் அது. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வந்த இந்த மனிதர்தான் காரணம் என்று சொன்னால் முழுதாக நம்ப அவர்கள் தயாராக இல்லை. அந்தப் புகைப்படத்தில் தெரியும் சிரிப்பைப் 'புகழ்' என்ற ஒரே காரணத்துக்குள் அடக்கிவிட முடியாது.

ஆனால் ஆலைகள் பிழைக்கவில்லை. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மூடின.

சூரத்தின் பருத்தி போய், சூரத்தின் மக்கள் வந்தார்கள்

1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்றபோது லங்காஷயர் பட்டினி கிடந்தது. அப்போது மாற்றாக வந்தது இந்தியப் பருத்தி. 'சூரத்' என்றே அதைச் சொல்வார்கள். இழை குட்டை, தூசி அதிகம், தறியில் அறுந்துகொண்டே இருக்கும். கூலி நெய்த அளவுக்குத்தான் என்பதால் நெசவாளர்கள் 'சூரத்' என்ற வார்த்தையையே வசவு மாதிரி பயன்படுத்தினார்கள்.

நூறு வருடம் கழித்து அதே சூரத், பரூச் வட்டாரத்திலிருந்து மனிதர்கள் வந்தார்கள். 1950, 60களில் ஆலைகள் சாகும் முன் கடைசியாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. இரவு ஷிப்டுக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. குஜராத்தி முஸ்லிம்களும் பாகிஸ்தானியர்களும் அந்த இடத்தை நிரப்பினார்கள். கொஞ்ச நாளில் ஆலைகள் மூடின. வந்தவர்கள் தங்கிவிட்டார்கள்.

இன்று இந்த மாவட்டத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் தெற்காசிய வம்சாவளியினர். இங்கிலாந்தில் முஸ்லிம்கள் அதிக விகிதத்தில் வாழும் உள்ளாட்சிகளில் இதுவும் ஒன்று. சுமார் 35 சதவீதம். 1970களில் குஜராத்திலிருந்து வந்த ஒரு தம்பதியின் பிள்ளைகள்தான் மோசின் இசா, சுபெர் இசா. 2001இல் ஒரே ஒரு பெட்ரோல் பங்கில் தொடங்கினார்கள். 2021இல் முதலீட்டு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து பிரிட்டனின் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளில் ஒன்றான 'ஆஸ்டா'வையே வாங்கினார்கள். மதிப்பு 680 கோடி பவுண்ட். அவர்கள் நிறுவனம் பிளாக்பர்னைத் தலைமையகமாகக் கொண்டுதான் வளர்ந்தது.

இதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அது விளம்பரமாகிவிடும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2016இல் பிரிட்டன் அரசுக்காக லூயிஸ் கேசி தயாரித்த சமூக ஒருங்கிணைப்பு அறிக்கை, முஸ்லிம் மக்கள் 70 முதல் 85 சதவீதம் வரை வாழும் வார்டுகள் கொண்ட ஊர்களில் ஒன்றாக பிளாக்பர்னைக் குறிப்பிட்டது. ஒரே ஊரில் வெள்ளையர் ஒரு பக்கமும் ஆசியர் ஒரு பக்கமுமாக வாழ்கிறார்கள், பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிப்பதில்லை என்ற விவாதம் அங்கே பல ஆண்டுகளாக ஓடுகிறது. மலிவான வரிசை வீடுகள் எங்கே இருந்தன, வேலை எங்கே கிடைத்தது என்பதில் தொடங்கிய பிரிவு அது. யாரோ ஒரு தரப்பின் பிடிவாதம் என்று சொல்வது சுலபம், ஆனால் சரியல்ல.

பின்தங்கிய நிலை இரண்டு பக்கத்துக்கும் பொது. 2019ஆம் ஆண்டுக் குறியீட்டில் இங்கிலாந்தின் மிகவும் பின்தங்கிய 20 உள்ளாட்சிகளுக்குள் இது இருந்தது. ஆண்களின் சராசரி ஆயுள் நாட்டிலேயே குறைவான பகுதிகளில் ஒன்று.

மைதானத்துக்குள் வந்த கோழி

கால்பந்து ரசிகர்களுக்கு பிளாக்பர்ன் என்றால் 'ரோவர்ஸ்'தான். 1875இல் தொடங்கிய அணி. 1888இல் உலகின் முதல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய 12 அணிகளில் ஒன்று. உள்ளூர் எஃகுத் தொழிலதிபர் ஜாக் வாக்கர் தன் பணத்தைக் கொட்டி, 1995இல் அணியை பிரீமியர் லீக் சாம்பியன் ஆக்கினார். இவ்வளவு சின்ன ஊர் அணிக்கு அது சாதாரண சாதனை இல்லை.

2010 நவம்பரில் அணியை வாங்கியது யார் தெரியுமா? புனேவைச் சேர்ந்த வெங்கீஸ் குழுமம். ஆமாம், கோழி வியாபாரத்தில் நமக்குத் தெரிந்த அதே வெங்கீஸ். விலை சுமார் 2 கோடியே 30 லட்சம் பவுண்ட். ஒரு மாதத்துக்குள் பயிற்சியாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். 2012இல் அணி பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. அதை முடிவு செய்த ஆட்டத்தில் ரசிகர்கள் ஒரு உயிருள்ள கோழியையே மைதானத்துக்குள் விட்டார்கள். 2017இல் மூன்றாம் நிலைக்கே போய், அடுத்த ஆண்டு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு இன்னும் பிரீமியர் லீக்கைத் தொடவில்லை.

உரிமையாளர்கள் ஆண்டுதோறும் பணம் போட்டுத்தான் அணியை நடத்துகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இந்தியாவில் நடக்கும் ஒரு விசாரணை காரணமாக, அந்தப் பணத்தை அனுப்பவே டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதிக்காகக் காத்திருந்த காலமும் உண்டு. ஒரு காலத்தில் இந்திய நெசவாளியின் பிழைப்பு லண்டன் முடிவில் தொங்கியது. இப்போது பிளாக்பர்ன் அணியின் சம்பளப் பட்டியல் டெல்லி நீதிமன்றத்தைப் பார்க்கிறது.

132 வாக்குகள்

அரசியலில் இது லேபர் கட்சியின் கோட்டையாக இருந்தது. 1945 முதல் 1979 வரை பார்பரா காசில். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம ஊதியம் தரும் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சர். அடுத்து 2015 வரை ஜாக் ஸ்ட்ரா. உள்துறையும் பார்த்தார், வெளியுறவும் பார்த்தார். இருவருக்கும் சேர்த்து எழுபது ஆண்டுகள்!

விரிசல் ஒரே நாளில் வரவில்லை. இராக் போர் சமயத்தில் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் ஸ்ட்ரா. 2006இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸை ஊருக்கு அழைத்து வந்தபோது எதிர்ப்பு கிளம்பி, மசூதிப் பயணமே ரத்தானது. அதே ஆண்டு, தன்னைச் சந்திக்க வரும் பெண்களிடம் முகத்திரையை விலக்கச் சொல்லிக் கேட்பதாக உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் எழுதியது நாடு முழுக்க விவாதமானது. ஆனாலும் வாக்கு லேபருக்கே விழுந்துகொண்டிருந்தது.

2024 பொதுத்தேர்தலில், காசா போரில் லேபர் தலைமை எடுத்த நிலைப்பாட்டின் மீதான கோபம் அதை உடைத்தது. சுயேச்சையாக நின்ற வழக்கறிஞர் அட்னான் ஹுசைன் 132 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நாடு முழுக்க லேபர் அமோகமாக ஜெயித்த அதே இரவில்.

சரி, இப்போது என்ன பிரச்சினை?

2024 டிசம்பரில் பிரிட்டன் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. இரண்டு அடுக்கு உள்ளாட்சிகளை ஒழித்து, எல்லா இடத்திலும் ஒற்றை அடுக்கு கொண்டுவர வேண்டும் என்பது நோக்கம். செலவு குறையும், யாரிடம் போவது என்ற குழப்பம் தீரும் என்கிறது அரசு.

பிளாக்பர்ன் வித் டார்வென் ஏற்கெனவே ஒற்றை அடுக்குதானே, அதற்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். சிக்கல் அளவில் இருக்கிறது. புதிய உள்ளாட்சி ஒவ்வொன்றுக்கும் சுமார் 5 லட்சம் மக்கள் இருப்பது நல்லது என்று அரசு வழிகாட்டியது. இங்கே இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. எனவே அக்கம்பக்கத்து டிஸ்ட்ரிக்டுகளோடு சேர்த்து மறுபடி வரையும் பட்டியலில் இதுவும் பிளாக்பூலும் சேர்ந்துவிட்டன.

லங்காஷயரில் இப்போது மொத்தம் 15 கவுன்சில்கள்: ஒரு கவுண்டி கவுன்சில், 12 டிஸ்ட்ரிக்டுகள், இரண்டு ஒற்றை அடுக்கு அமைப்புகள். சுமார் 15 லட்சம் மக்களை எத்தனை துண்டாகப் பிரிப்பது என்பதில் அவற்றுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 2025 நவம்பர் 28 வரை கெடு. ஒன்றுக்கொன்று முரணான பல வரைபடங்கள் லண்டனுக்குப் போயின. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற அதிகாரம் அமைச்சர் கையில். புதிய அமைப்புகள் 2028 ஏப்ரலில் பொறுப்பேற்க வேண்டும் என்பது திட்டம்.

எந்த வரைபடம் ஜெயித்தாலும், இன்றைய எல்லையோடு 'பிளாக்பர்ன் வித் டார்வென்' தனியாக நிற்பதற்கான வாய்ப்பு குறைவு.

கதவைத் தட்டிய கவுன்சில்

பெரிதாக்கினால் செலவு மிச்சம் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. சின்ன உள்ளாட்சியின் வருமானத்தில் பெரும்பகுதியை முதியோர் பராமரிப்பும் ஆதரவற்ற குழந்தைகள் பாதுகாப்புமே விழுங்கிவிடுகின்றன. ஏழை ஊர் என்றால் தேவை அதிகம், வரி வரவு குறைவு. 2010க்குப் பிறகு மத்திய அரசின் மானியமும் வெட்டப்பட்டது. ஒரு தலைமை அதிகாரி, ஒரு கணினி அமைப்பு, ஒரு ஒப்பந்தம் என்று பத்து இடத்தில் செய்வதை இரண்டு இடத்தில் செய்தால் மிச்சம்தான்.

ஆனால் சின்னதாக இருப்பதன் பலன் 2020இல் தெரிந்தது. அந்தக் கோடையில் பிளாக்பர்ன் வித் டார்வெனில் கொரோனா தொற்று நாட்டிலேயே அதிகமாக இருந்த இடங்களில் ஒன்றானது. தொற்றாளரின் தொடர்புகளைக் கண்டுபிடிக்க பிரிட்டன் அரசு தேசிய அளவில் கால் சென்டர் அமைத்திருந்தது. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் யார் எடுப்பார்கள்? பலர் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் தொடக்கத்தில் இந்தக் கவுன்சில் தானே களத்தில் இறங்கியது. இரண்டு நாளில் தேசிய அமைப்பால் பிடிக்க முடியாதவர்களின் பட்டியலை வாங்கி, உள்ளூர் எண்ணிலிருந்து கூப்பிட்டார்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் நேரில் போய்க் கதவைத் தட்டினார்கள். எந்தத் தெருவில் என்ன மொழி பேச வேண்டும், எந்த வீட்டில் மூன்று தலைமுறை ஒன்றாக வாழ்கிறது என்பது அந்த ஊழியர்களுக்குத் தெரியும். பொது சுகாதாரத் துறையும் நூலகமும் வீட்டுவசதியும் ஒரே கவுன்சிலுக்குள் இருந்ததால் ஆட்களை அங்கிருந்து இங்கே மாற்ற முடிந்தது. இங்கிலாந்தில் இதை முதலில் செய்த உள்ளாட்சிகளில் இதுவும் ஒன்று. பிறகு மற்ற ஊர்களும் பின்பற்றின.

5 லட்சம் பேருக்கான கவுன்சிலால் இதைச் செய்யவே முடியாது என்று சொல்ல முடியாது. அலுவலகம் எங்கே இருக்கும், முடிவெடுப்பவருக்கு அந்தத் தெரு தெரியுமா என்பதைப் பொறுத்தது. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதுதான் குறை.

டார்வென்காரர்கள் மறக்க மாட்டார்கள்

டார்வெனுக்கு மேலே மூர்லாண்ட் எனப்படும் வெட்டவெளி மேட்டில் ஒரு கோபுரம் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ராக்கெட் மாதிரி இருக்கும். 1898இல் திறந்தது. விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காகக் கட்டியது என்று பலகை சொல்லும். ஊர்க்காரர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். அந்த மேட்டில் நடக்க விடாமல் நிலச்சுவான்தார் பாதைகளை அடைத்தார். ஆலை வேலை முடித்து நல்ல காற்றுக்காக ஏறிப் போகும் மக்கள் விடவில்லை. தடையை மீறி நடந்தார்கள், வழக்கைச் சந்தித்தார்கள், 1896இல் நடக்கும் உரிமையை வாங்கினார்கள். கோபுரம் அந்த வெற்றிக்கும் சேர்த்துத்தான்.

அதே பிடிவாதம் உள்ளாட்சியிலும் உண்டு. பிளாக்பர்ன் எங்களைக் கவனிப்பதில்லை என்று 2000களில் 'ஃபார் டார்வென்' என்றொரு உள்ளூர்க் கட்சியே தொடங்கி, கவுன்சிலில் இடங்களையும் பிடித்தார்கள். 2009இல் டார்வெனுக்கென்று தனி டவுன் கவுன்சில் கிடைத்தது. பெரிய அதிகாரம் கிடையாது. பூங்கா, திருவிழா, உள்ளூர் கோரிக்கைகள், அவ்வளவுதான்.

ஆனால் மறுசீரமைப்பு சட்டத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. மேலே உள்ள கவுன்சில்கள் கலைக்கப்பட்டாலும் டவுன் கவுன்சில்கள் அப்படியே தொடரும். 1974இல் பெயரிலேயே இடம் கிடைக்காத டார்வெனுக்கு, 2028க்குப் பிறகும் தன் பெயரில் ஒரு கவுன்சில் இருக்கும். அளவில் பெரிய பிளாக்பர்ன் நகருக்கு அப்படித் தனியாக ஒன்று இப்போதைக்கு இல்லை.